கயிற்றைச் சுற்றி நடந்தவள்

முதல் துளி இரத்தத்தைக் கண்டதும் கஜந்தினிக்கு வலி நினைவுக்கு வரவில்லை. கயிறுதான் நினைவுக்கு வந்தது.

போன கிழமை சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த புருஷன் சிந்துஜனுக்குச் சோறு கொண்டு போனாள். கடலிலிருந்து கரைத் தென்னை வரைக்கும் வலைக்கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. வயிற்றில் பிள்ளை உள்ளவள் அந்தக் கயிற்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றி, பிள்ளை தங்காது. அந்தக் கரையில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. சுற்றிப் போவதென்றால் தென்னைக்கு அப்பால் கொதிமணலில் நடக்க வேண்டும். அவளுடைய செருப்பு வேறு அறுந்திருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டாள்.

அது போதாதென்று, டவுனுக்குப் போன இடத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டு வாங்கித் தின்றாள். நாக்குக் கேட்டது, தின்றாள். அன்னாசி கருவைக் கரைக்கும் என்று மாமி கனகம்மா சொல்லியிருக்கிறாள். பப்பாசியும் கரைக்குமாம், எள்ளும் கரைக்குமாம். கனகம்மா விலக்கியதை எல்லாம் விலக்கினால் பிள்ளைத்தாய்ச்சிக்கு மிஞ்சுவது காற்றும் பச்சைத் தண்ணீரும்தான்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாமி முதலில் கேட்கப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வி கேட்கப்பட்ட ஒருத்தி அதே வளவின் மூலையில், ஓலைக் கொட்டிலில் இருந்தாள்.

ஜெயரூபி. சிந்துஜனின் அக்கா, கனகம்மா பெற்ற மகள். பதினொரு வருசத்துக்கு முன் அவள் வயிற்றிலிருந்தது மூன்று மாதத்தில் போனது. அவள் கயிற்றைத் தாண்டியதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காகத்தைப் பிடித்துக் கட்டிவைப்பதில் நம் சனத்தை வெல்ல ஆளில்லை. வேண்டுமென்றே அழித்தாள் என்று கதை வளர்ந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனான். ‘பிள்ளைதின்னி’ என்ற பேர் மட்டும் நின்றது. அதன்பிறகு ஜெயரூபி கடற்கரைக்குப் போனால் ஒருநாளும் கயிற்றைத் தாண்டமாட்டாள். வயிற்றில் ஒன்றுமில்லாவிட்டாலும் வெயிலில் தென்னையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அதையும் பார்த்துச் சிரிக்க ஆட்கள் இருந்தார்கள்.

கஜந்தினிக்கு நாள் தள்ளிப்போனதும் மாமி இட்ட முதல் கட்டளை, “அவளின்ரை கையாலை ஒண்டும் வாங்கித் தின்னாதை” என்பதுதான். அவளும் அப்படியே நடந்தாள். ஜெயரூபி கொண்டுவந்த மீன் சொதியை வாங்கிக் குசினிக்குப் பின்னால் ஊற்றியிருக்கிறாள்.

இப்போது அவள் பயந்தது ஜெயரூபிக்கு அல்ல, ஜெயரூபியாக ஆகிவிடுவேனோ என்றுதான்.

இன்னொரு பயமும் இருந்தது. உப்புவெளியில் யாரோ ஒரு பெட்டை கருவை அழித்தாளாம், ஆஸ்பத்திரியிலிருந்தே பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனதாம். கண்டவர் ஒருவருமில்லை, சொன்னவர்கள் ஊர் முழுக்க. அழிப்பது குற்றம் என்ற அரைவாசிச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தானாகப் போவது குற்றமில்லை என்ற மிச்ச அரைவாசியை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அன்னாசி தின்றதும் அழித்த கணக்குத்தான் என்று அவள் முடிவு கட்டினாள். இரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் நேரே மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

ஆகவே துணியை மடித்து வைத்துக்கொண்டு சமைத்தாள், கூட்டினாள், மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அடிவயிற்றின் ஒரு பக்கம் கத்தியால் குத்துவதுபோல் வலித்தது. இரண்டாம் நாள் வலி எப்படியோ தோள்மூட்டுக்கு ஏறியது. அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. அம்மன் தன்னைத் தண்டிக்கத் தொடங்கிவிட்டாள் என்றே நினைத்தாள்.

மத்தியானம் மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கிணற்றடியில் துணியை அலசினாள். தண்ணீர் செம்மண் நிறமாக ஓடியது. நிமிர்ந்தபோது எதிரில் ஜெயரூபி நின்றாள்.

“எத்தினை நாளாய்?”

கஜந்தினி துணியைப் பின்னால் மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

“முந்தநாள்... இல்லை, நேற்று. ஒண்டுமில்லை மச்சாள்.”

“உன்ரை முகத்திலை சொட்டு இரத்தமில்லை. நடக்கிறியோ, விழப்போறியோ? வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“ஏலாது மச்சாள். பொலிஸுக்குக் குடுத்திடுவினம். நான் அன்னாசி திண்டனான்.” சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. “கயித்தையும் தாண்டினனான்.”

கயிறு என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயரூபியின் கை வாளியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது.

“என்னை அண்டைக்கு ஒருத்தரும் கொண்டு போகேல்லை,” என்றாள் பிறகு. “அந்தக் கொட்டிலுக்கைதான் கிடந்தனான். அம்மா கதவைச் சாத்தினவ. நீ அப்பிடிக் கிடக்க வேண்டாம்.”

கஜந்தினி எழ முயன்றாள். கிணற்றுக்கட்டு சரிந்து மேலே வருவதுபோல இருந்தது. அதற்குப் பிறகு அயல்வீட்டு ஸாஜித்தின் ஓட்டோவில் மச்சாளின் மடியில் தலை வைத்துக் கிடந்ததுதான் அவளுக்குத் தெரியும். சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் மச்சாளின் மடியில் முகத்தைப் புதைத்தாள். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிடத்தான் நிறுத்தினார். பிறகு போகச் சொன்னார்.

“கேட்டால் நீ வாய் திறக்காதை,” என்று ஜெயரூபி அவள் காதுக்குள் சொன்னாள். “நான் பாத்துக்கொள்ளுறன்.”

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் இளம் டொக்டர் ஜெஸ்மினின் முகம் மாறியது. ஒப்பரேசன் தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொல்லிக்கொண்டே வழமையான கேள்வியைக் கேட்டார்.

“குளிசை, மருந்து, ஏதாவது எடுத்தனீங்களோ?”

கஜந்தினி மச்சாளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஜெயரூபி ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

“இந்தப் பிள்ளையிலை பிழையில்லை டொக்டர். நான்தான் தெரிஞ்சுகொண்டு அன்னாசி குடுத்தனான். பொலிஸுக்கு எழுதுறதெண்டால் என்ரை பேரை எழுதுங்கோ. ஜெயரூபி. என்ரை பேர் எப்பவோ கெட்டதுதான்.”

கஜந்தினி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பயம் அவள் வாயைப் பொத்தியது. அந்த வெட்கம் வலியையும் மேவி நின்றது.

டொக்டர் ஜெயரூபியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “அன்னாசியைப் பற்றிப் பிறகு கதைப்பம். இப்ப வழி விடுங்கோ,” என்றார்.

அடுத்த நாள் காலையில் கண் விழித்தபோது கட்டிலடியில் இருந்த ஒரேயொரு கதிரையில் மாமி இருந்தாள். சிந்துஜன் மருந்து எடுக்கப் போயிருந்தான். ஜெயரூபி சுவரோடு நின்றாள்.

கனகம்மா குனிந்தாள். “உண்மையைச் சொல்லு. கயித்தைத் தாண்டினனீயோ?”

வந்துவிட்டது அந்தக் கேள்வி. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், பழி முழுக்கச் சுவரோடு நிற்பவளின் தலையில் போய்விடும். அங்கேதான் ஏற்கெனவே இடம் இருக்கிறதே. அவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். ஜெயரூபி, ‘சொல்லாதை’ என்று தலையை அசைத்தாள்.

“ஓம் மாமி, தாண்டினனான். அன்னாசியும் நான்தான் வாங்கித் திண்டனான். மச்சாள் ஒண்டும் தரேல்லை.”

சுற்றுக்கு வந்த டொக்டர் ஜெஸ்மின் காதில் அது விழுந்தது. அவர் கட்டிலடியில் நின்றார்.

“அம்மா, கரு கருப்பைக்குப் போய்ச் சேரேல்லை. வாற வழியிலை குழாய்க்குள்ளையே தங்கிட்டுது. அங்கை தங்கினால் வளரேலாது. குழாய் வெடிக்கும், வெடிச்சும் போச்சு. இவ கயித்தைத் தாண்ட முந்தி, அன்னாசி தின்ன முந்தியே நடந்த காரியம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மருமகளும் இல்லை. பொலிஸுக்குப் பயந்து ஒளிச்சுக்கொண்டு கிடந்தவவாம். என்ன நடந்திருந்தாலும் உடனை வரவேணும். மற்றக் குழாய் நல்லாயிருக்கு, இனியும் பிள்ளை தங்கலாம்.”

டொக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

“டொக்டர்.”

ஜெயரூபி கூப்பிட்டாள்.

“மூண்டு மாதத்திலை, கருப்பைக்குள்ளை இருந்து தானாப் போனால்? அதுக்கும் கயிறு காரணமில்லையோ?”

“இல்லை. முதல் மாதங்களிலை போறது எத்தினையோ பேருக்குப் போகுது. கூடுதலாய்க் கருவிலையே உள்ள குறைதான். தாய் செய்த பிழை இல்லை. ஆருக்கு, உங்களுக்கோ?”

“ஓம். பதினொரு வருசத்துக்கு முந்தி.”

“அப்ப உங்களுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையோ?”

டொக்டர் போன பிறகும் ஜெயரூபி அதே இடத்திலேயே நின்றாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

“நான் தாண்டவேயில்லை அம்மா,” என்றாள். “அண்டைக்கும் சுத்தித்தான் போனனான். எத்தினை தரம் சொன்னனான். பிறகு பிறகு எனக்கே ஐமிச்சமாப் போச்சு, தாண்டினனானோ எண்டு.”

கனகம்மா கதிரையை விட்டு எழுந்தாள். இரு என்று சொல்வதுபோல அதை மகள் பக்கம் தள்ளினாள். ஜெயரூபி இருக்கவில்லை. கஜந்தினியின் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு தேத்தண்ணி வாங்க வெளியே போனாள்.

கனகம்மா வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் நின்று மகள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியின் முகத்தில் பயத்தைக் கஜந்தினி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள்.