உறவில் சேராதது

மூன்று வாரமாகத் தொண்டை வலி. கஷாயம், மாத்திரை, உப்புத் தண்ணீர் எதற்கும் மசியவில்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா, "உடலுறவு உண்டா?" என்றார். இல்லை என்றேன். பொய் இல்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் விடவில்லை. "வாயால?"

காது வரை சூடேறியது. தலையாட்டினேன். பஞ்சுக் குச்சியால் தொண்டையில் தடவி எடுத்தார். வெட்டை நோய் என்று முடிவு வந்தது.

"ஊசி போட்டா சரியாயிடும். அவரும் பரிசோதிக்கணும், போட்டுக்கணும். வாயாலன்னாலும் ஆணுறை போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதும்மா" என்று பால்வினை நோய் பற்றிய ஒரு துண்டறிக்கையைக் கையில் கொடுத்தார். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் நானே டைப் செய்தது அது.

வீட்டுக்காரர் முதலில் மழுப்பினார். பிறகு, "வெளியூர் போனப்ப ஒருத்தி... ஆனா தப்பு எதுவும் பண்ணலை. வாயாலதான். அது உறவுல சேராதுடி" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆபரேஷன் ஆன என்னிடமும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார். ஒரே வார்த்தையை வைத்து, கூடாது என்று சொன்ன ஆபரேஷன் டாக்டரையும் ஏய்த்து, என்னையும் ஏய்த்து, மனுஷன் உத்தமனாகவே இருந்திருக்கிறார்!

"கிருமிக்கு உங்க அகராதி தெரியலை பாருங்க. நாளைக்கே போய் ஊசி போட்டுட்டு சீட்டோட வாங்க. அவகிட்டயும் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

என் மேலும் எனக்கு ஆத்திரம்தான். அந்தத் துண்டறிக்கையின் மூலப்பிரதியில், 'வாய்வழி உறவிலும் நோய் தொற்றும். அப்போதும் ஆணுறை அணியுங்கள்' என்று ஒரு வரி இருந்தது. "கருமம், கீழே நம்ம அச்சகத்துப் பேர் வருது" என்று முதலாளி சிவப்பு மையில் அடித்தார். சிரித்துக்கொண்டே அழித்தது யார்? இதோ இந்த விரல்.

அடுத்த வாரம் அதே துண்டறிக்கைக்கு மறுபதிப்பு கேட்டு ஆர்டர் வந்தது. பழைய மூலப்பிரதியைத் தேடி எடுத்தேன். அந்த வரியைச் சேர்த்து, தலைப்பை விடப் பெரிய எழுத்தில் போட்டேன். திருத்தம் பார்க்க வாங்கிய முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"குடும்பப் பொண்ணு டைப் அடிக்கிற விஷயமாம்மா இது? இதெல்லாம் கண்ட இடத்துல சுத்துறவங்களுக்கு வர்றது. நம்ம மாதிரி வீட்ல யாருக்கு வரும்?"

சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். பக்கத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும்.

"எனக்கு வந்துச்சு சார்" என்றேன். "இந்தத் தொண்டையில. கட்டின புருஷன்கிட்ட இருந்து. போன தடவை நீங்க சிவப்பு மையில அடிச்சீங்களே, அந்த வரியில சொன்ன மாதிரியே."

பேனா அப்படியே நின்றது. நான் காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அச்சுக்குக் கொடுத்தேன்.