சலித்த மண்

குப்பைமலையை வெட்டி அள்ளிவிட்டு, அதே இடத்தில் வட்டாரம் முழுமைக்கும் ஒரு மறுசுழற்சி மையம் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அக்காதான். அவள் புருஷன், மாமா, அந்த மலைக்குள்தான் இருந்தார்.

இரும்பு பொறுக்கப் போனவர். அடைமழையில் ஒரு பக்கம் சரிந்து ஆளை மூடிவிட்டது. தேட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலாகக் கிளறினார்கள், இன்னும் சரியும் என்று சொல்லிக் கைகழுவினார்கள். மறுவாரமே அதன் மேல் லாரிகள் கொட்ட ஆரம்பித்தன. குப்பை யாருக்காக நிற்கும்? விழுந்து அழுவதற்குக்கூட அக்காவுக்கு ஒரு உடம்பு கிடைக்கவில்லை.

அவள் தம்பி பொக்லைன் ஓட்டுகிறவன். மலையை வெட்டும் வேலை அவனுக்கே வந்தது.

"ஒரு பிடி கெடைச்சாக்கூடப் போதும்டா. பொதைச்சுட்டு நிம்மதியா இருப்பேன்."

"எடுத்துக் குடுக்கறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

மலைக்குள் வருஷம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சோறு அழுகும், காய்கறி அழுகும். பால் கவரில் அச்சடித்த தேதி மட்டும் அப்படியே இருக்கும். மாமா போன வருஷத்துக் கவர்கள் தட்டுப்பட்டதும் தம்பி பக்கெட்டை மெதுவாக இறக்கினான். வேலை தாமதமாகிறது என்று இன்ஜினியர் கரடியாய்க் கத்தினார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அள்ளியதெல்லாம் சுழலும் சல்லடைக்குப் போகும். பஸ் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, உடம்பெல்லாம் ஓட்டை. மண் ஓட்டை வழியாகக் கீழே கொட்டும். துணி, பிளாஸ்டிக், செருப்பு எல்லாம் கடைசியில் வாய் வழியாக வந்து விழும். சல்லடை போட்டுத் தேடுவது என்று நாமெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம். அக்கா நிஜமாகவே தேடினாள். பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, அந்த வாயருகே கண் கொட்டாமல் நின்றாள். தம்பியும் வண்டியிலிருந்து எட்டி எட்டி அதையேதான் பார்த்தான். பரம்பரையாகக் குப்பையில் பொறுக்கிப் பிழைத்த குடும்பம். விலைபோகிற எதுவும் மண்ணோடு விழாது என்றே பழகியவர்கள். மண்ணை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் ரப்பர் பூட்ஸ் ஒன்று வந்து விழுந்தது. கிழிசலைச் செப்புக் கம்பியால் தைத்திருந்தது. செப்பை விற்காமல் பூட்ஸ் தைக்கிற ஊதாரி மாமா ஒருத்தர்தான். அக்கா அதை எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"அவருதான்டா."

"ஆமாக்கா."

கவிழ்த்துப் பார்த்தாள். சேறுதான் கொட்டியது. மீதியும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. சில நாளில் அதற்கும் முந்தைய வருஷத்துக் கவர்கள் வரத் தொடங்கின. அந்த அடுக்கு தீர்ந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில், நின்றுபோன சல்லடையின் ஓட்டை ஒன்றுக்குள் அக்கா கையை விட்டாள். முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. குப்பை கொட்டிய காலத்தில் புல்டோசர் ஏறி ஏறி மிதித்த எலும்பு முழுசாகவா இருந்திருக்கும்? தம்பி சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"கீழ விழுற மண்ணு எங்கடா போவுது?"

தெரியாது என்று சொல்ல முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சலித்த மண் அன்றன்றைக்கே, முன்பே வெட்டி முடித்த பக்கத்தில் எழும்பும் புது மையத்தின் கூடத்தில் பள்ளம் நிரப்பப் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் அதன் மேல் கான்கிரீட்டும் போட்டாயிற்று.

"கூடத்துத் தரைக்குக்கா."

"எந்த மூலைல?"

"எல்லா எடத்துலயும் பரப்பியாச்சு."

"ஒடைக்கச் சொல்லிப் பாரேன்."

அவன் போய்க் கேட்டான். இன்ஜினியர் இந்த முறை கத்தவில்லை. தாழ்ந்த குரலில், "ஒரு பூட்ஸுக்காகத் தரைய ஒடைக்க முடியுமாப்பா? இத வெளிய சொல்லிடாத" என்றார்.

திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவள் வேறொன்று கேட்டாள்.

"அந்த மண்ண அடிச்சு இறுக்குனது நீதானடா?"

அங்கே வேறு வண்டி ஏது? சாயங்காலமானால் கூடத்துக்குப் போய், பக்கெட்டின் முதுகால் அடி அடியென்று அடித்தவன் அவன்தான். விரிசலே விடாது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

"ஆமாக்கா."

"அடிக்கும்போது கையில ஒன்னுமே தெரியலையா உனக்கு?"



"இல்லக்கா. மண்ணு மாதிரிதான் இருந்துச்சு."