பத்திக்கு ரெண்டு நிமிஷம்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். உலகத்தில் எதையும் ஸ்டாப்வாட்ச்சும் விசிலும் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்பது அவர் கட்சி. மேற்படிப்பு நுழைவுத்தேர்வில், பத்தியைப் படித்து விடை எழுதும் மொழிப் பகுதியில் நான் இரண்டு முறை கோட்டை விட்டதும், என் வீட்டு மகாராஜன் பயிற்சியாளர் பதவியைத் தாமே ஏற்றுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இதுவும் போனால் எனக்கு ஆயுசுக்கும் ஆஸ்பத்திரியின் புகார் கவுன்ட்டர்தான்.

என் கோளாறே அந்தக் கவுன்ட்டரில் பிடித்ததுதான். அங்கே முன்னால் நிற்கிறவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டால் கொலை விழும். ஒருவர் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டாக வேண்டும். தேர்விலும் அப்படியே, ஒரு பத்தி பிடிபடவில்லையென்றால் அதனோடேயே மல்லுக்கட்டுவேன். மணி அடிக்கும்போது பாதிக் கேள்விகள் தொடாமல் கிடக்கும்.

"பத்திக்கு ரெண்டு நிமிஷம். புரியலையா, விட்டுட்டு ஓடு!" என்று சமையலறையில் விசில் ஊதுவார். நான் அம்மாவோடு போனில் பேசினால்கூட ஒரு ஊதல். ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, "நீங்க படிங்களேன் பார்ப்போம்" என்றேன். "கோச் ஓடமாட்டான், ஓட வைப்பான்" என்றார். இந்த உபதேசம் செய்கிற மனிதர், எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திய விஷயத்தை மூன்று வருஷமாக விடவில்லை. கேட்டால், "அது வேற, இது வேற" என்பார். ஆமாம் சாமி, வேறதான்.

தேர்வு நாள். மூன்றாவது பத்தி, ஏதோ கடல்பாசியின் இனப்பெருக்கம். ஒரு மண்ணும் புரியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. போச்சு, மறுபடியும் அதே கதை என்று அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: இதைவிட நீட்டி முழக்குகிற ஒருவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேனே! அவர் பேசும்போது என்ன செய்கிறேன்? முதல் வரியைக் கேட்பேன், கடைசி வரியைக் கேட்பேன், நடுவில் "ம்" போடுவேன். இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

கடல்பாசிக்கும் ஒரு "ம்" போட்டேன். முதல் வரி, கடைசி வரி, விடை, அடுத்தது. மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடம் கிடைத்தது. வெளியூர், இரண்டு வருஷம், விடுதி. "எல்லாம் நம்ம கோச்சிங்" என்று தெரு முழுக்க மார்தட்டினார். எதிர்வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னாராம்.

கிளம்பும் அன்று காலையில் என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று ஆரம்பித்தார். "அங்க போய் நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். அப்புறம் ஏதோ நீளமாகப் போனது. நான் பெட்டியின் ஜிப்போடு போராடிக்கொண்டே, பழக்கதோஷத்தில் "ம்" போட்டேன். "அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல" என்று அவர் முடித்தபோது குரல் கம்மியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஜிப்பை அப்படியே விட்டேன்.

"நடுவுல என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

அவர் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டைம் முடிஞ்சு போச்சு" என்றார்.