அப்பாவுக்கு நறுக்கிய காய்

ஹெலினா ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். வீட்டில் பெரிய ப்ளக் அது ஒன்றுதான். ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்த ஆள் அதன் ஒயரை அதில் சொருகியதும் கண்ணாடிப் பெட்டி உறுமத் தொடங்கியது. உள்ளே அம்மா ஞானகுமாரி. கையில் ஜெபமாலை, நகக்கண்ணில் பீட்ரூட் கறை.

"நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?" கமலம் அத்தை வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வாயுன்னு சொல்லிக்கினு ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டா. ஆர்ட்டு பேஷண்டு எங்கண்ணன். போய்ச் சேந்தது இவ."

அப்பா ராயப்பனுக்கு ஸ்டென்ட் வைத்தபோது, நிறம் நிறமாகக் காய் கொடுங்கள், அதிலிருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அம்மா பட்டாபிராம் மார்க்கெட்டில் பொறுக்கிப் பொறுக்கி வாங்கினாள். எல்லாவற்றையும் அப்பா தட்டில் கொட்டிவிட்டு, அடுப்படியில் நின்றபடி பழைய சோறும் ஊறுகாயும் தின்றாள்.

"உனக்கு இதயம் இல்லியாம்மா?" என்று ஹெலினா கத்தியிருக்கிறாள்.

"எனக்கின்னாடி, கல்லு மாதிரி கீறேன்."

நீ தின்னியா என்று அப்பா கேட்டதில்லை. ஒரு நாள்கூட.

"ஆஸ்டலைக் காலி பண்ணிக்கினு ஊட்டுக்கு வந்துடு," என்றாள் அத்தை. "இனிமே அப்பனுக்கு நீதான் பாத்துப் பாத்துச் செய்யணும்."

"அவருக்குக் கை இருக்குல்ல அத்தே."

"காலேஜுக்கு அனுப்புனா இப்படித்தான். வாயப் பாரு."

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அப்பா ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடி," மெதுவாகத்தான் கேட்டார். "உங்கம்மா நேத்து நறுக்கி வெச்ச காய் உள்ள கீது. சர்ச்சுக்கு எடுக்க சாயங்காலம் ஆயிடும். கெட்டுப் பூடும். ஒரு அர மணி நேரம் ப்ளக்கை மாத்திப் போடேன்."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அத்தைகூடத் தரையைப் பார்த்தாள்.

ஹெலினா எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை. எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். கேரட், பீட்ரூட், ஊதா முட்டைக்கோஸ். ஒரே அளவில், பொடிப்பொடியாக.

அப்பா கையை நீட்டினார்.

அவள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். அவரைப் பார்த்தபடியே இன்னொரு பிடி.

"பச்சையாவா துன்ற?" என்று அத்தை முணுமுணுத்தாள்.

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அப்பா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். விரலெல்லாம் சிவப்பாக, ஹெலினா டப்பாவின் அடியைத் துழாவினாள்.