சீன ராஜாங்கமும் கிருபைராஜ் குடுமியும்

1

இந்தக் கதை பிறந்தது கற்பனையிலிருந்து அல்ல, போலீஸ் உத்தரவிலிருந்து. சென்ற செவ்வாய்க்கிழமை, 1912 பிப்ரவரி 27-ஆம் தேதி, பாளையங்கோட்டை மாலை வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் நமச்சிவாயம் வந்தார். வகுப்பின் செய்திப் புத்தகத்தைப் புரட்டினார். 41-ஆம் பக்கத்தில் நின்றார். பிறகு தொண்ணூற்றாறு பக்கங்களிலும் ஓரத்தில் சிறு கையெழுத்திட்டு, இதை எழுதுகிறவனிடம் நீட்டினார்.

"நடந்ததை நடந்தபடி இதுலயே எழுதி, வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கொண்டாரும்வே. தனிக் காகிதம் வேண்டாம். காகிதம் காணாமப் போவும். புஸ்தகம் போவாது."

"எத்தனை பக்கம் எழுதலாம் ஐயா?"

"உண்மைக்கு அரைப் பக்கம் போதும்வே. மிச்சம் எழுதினா அது வேற."

அரைப் பக்கம் ஆகிவிட்டது. இனி வருவது வேற.

ஆக, இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். தோளுக்குப் பின்னால் வேறு யாராவது எட்டிப் பார்த்தால் அது அவரவர் பொறுப்பு. இதை எழுதுகிறவன் பெயர் சத்தியநேசன். வயது இருபத்திரண்டு. சர்க்கார் அலுவலகம் ஒன்றில் நகல் குமாஸ்தா. பிறர் எழுதியதை ஒரு புள்ளி கூடாமல், ஒரு புள்ளி குறையாமல் திரும்ப எழுதுவது உத்தியோகம். சொந்தமாக எழுதச் சொல்லி இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. முதலில் கேட்டது போலீஸ்.

2

தொடக்கங்கள்:

"மேற்படி கிருபைராஜ் என்பவர் மேற்படி தேதியில் மேற்படி வகுப்பில்..." விடப்பட்டது. மூன்று மேற்படி ஆகியும் யாரும் வாய் திறக்கவில்லை.

"தாமிரபரணியில் தண்ணீர் வற்றி, மணல்திட்டில் கொக்குகள்..." விடப்பட்டது. கொக்குகள் மீது புகார் இல்லை.

"சீன தேசத்தின் கடைசி ராஜாவுக்கு வயது ஆறு."

இது நிற்கட்டும். உண்மையும்கூட. பிப்ரவரி 12-ஆம் தேதி அந்த ராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கியதாகப் பட்டணத்துப் பத்திரிகை சொல்லிற்று. ஏறும்போதும் அவரைக் கேட்கவில்லை, இறங்கும்போதும் கேட்கவில்லை. இருநூற்று அறுபது சொச்சம் வருஷத்துக்கு முன் அவருடைய முன்னோர் சீனாவைப் பிடித்தபோது ஓர் உத்தரவு போட்டார்கள்: ஆண்கள் முன்மண்டையைச் சிரைத்து, பின்னால் சடை விட வேண்டும். சடை இல்லாதவனுக்குத் தலையும் இருக்காது. இப்போது குடியரசு வந்துவிட்டது. குடியரசுச் சிப்பாய்கள் ஊர்வாசலில் கத்தரிக்கோலோடு நிற்கிறார்களாம். காய்கறி விற்க வந்த குடியானவன் சடையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுகிறானாம். முன்பு வெட்டினால் தலை போகும். இப்போது வெட்டாமல் சந்தைக்குப் போக முடியாது. விடுதலை என்பது இதுதான் போலும். (இந்த வாக்கியத்தை அடிக்கலாமா? பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கிறது. அடித்தாலும் தெரியும். இருக்கட்டும்.)

3

வகுப்பைப் பற்றி. நடத்துகிறவர் அப்பாத்துரை சார். மாணவர் பத்துப் பேர்; எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். சர்க்கார் பரீட்சையில் அந்நிய தேச விவகாரம் கேட்பார்கள் என்பதற்காக சார் ஒரு விதி வைத்திருக்கிறார். சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் ஒரு வெளிநாட்டுச் செய்தி சொல்ல வேண்டும். அதைப் புத்தகத்தில் மூன்று கட்டமாக எழுத வேண்டும்: தேதி, பெயர், சொன்னது. அடுத்த சனிக்கிழமை அதைச் சார் உரக்கப் படிப்பார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. எழுத்து அழகாக இருந்ததால் புத்தகம் சத்தியநேசன் கைக்கு வந்தது. பக்க எண் எல்லாவற்றையும் சிவப்பு மையில் முதல் நாளே போட்டுவிட்டான். ஒரு தாளைக் கிழித்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும்; இந்த ஒழுங்குதான் பின்னால் அவன் கழுத்துக்கு வந்தது.

மேலப்பாளையம் முகம்மது இப்ராஹிம் கடைத்தெருவில் குடையும் தீப்பெட்டியும் விற்கிறவர். அவர் செய்தி எப்போதும் ஜப்பானைப் பற்றியதுதான்.

"ருஷ்யாவையே கொளுத்தின தேசம். அவன் தீப்பெட்டி நம்ம வீட்டு அடுப்பைக் கொளுத்த மாட்டேங்குது வே. நேத்து ஒம்பது குச்சி உரசினேன்."

"இது செய்தி இல்லவே, புகார்," என்றார் சார்.

"ஒம்பது குச்சிங்கிறது செய்தி சார். எழுதச் சொல்லுங்க."

எழுதப்பட்டது.*

(* 1905-இல் ஜப்பான் ருஷ்யாவை அடித்தபோது கடைத்தெருவில் கற்கண்டு வழங்கியவர்கள் உண்டு. ஜப்பான் நம் சர்க்காருக்குச் சிநேகிதன். ஆகவே கற்கண்டு ராஜவிசுவாசம். இரண்டு வருஷம் கழித்து ருஷ்யாவும் சர்க்காருக்குச் சிநேகிதனாயிற்று. தின்ற கற்கண்டை என்ன செய்வது என்று ஓர் உத்தரவும் வரவில்லை. சீனக் குடியரசைப் பற்றிச் சர்க்கார் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே இதை எழுதுகிறவனும் செய்யவில்லை.)

4

கிருபைராஜ் சீவலப்பேரியில் மிஷன் பள்ளிக்கூடத்து உதவி ஆசிரியர். முப்பது வயதுக்கு மேல். சனிக்கிழமை மத்தியானமே கிளம்பி, நெல்வண்டி கிடைத்தால் வண்டியில், கிடைக்காவிட்டால் நடந்து வகுப்புக்கு வருவார். வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து தூங்குவார். குடுமி சுவரில் அழுந்தி அவருக்குத் தலையணையாகும். அவரை இந்தக் கதைக்குத் தகுந்த ஆளாக்க இதை எழுதுகிறவன் இரண்டு நாளாகப் பாடுபட்டும் முடியவில்லை. ராஜத்துரோகிக்கு வேண்டிய லட்சணம் ஒன்றும் அவரிடம் இல்லை. முக்கியமாக, விழித்திருப்பதில்லை.

பிப்ரவரி 17-ஆம் தேதி ஒன்பது பேர் செய்தி சொன்னார்கள். பத்தாவது ஆள் தூங்கினார். பத்துக் கட்டமும் நிரம்பின. கடைசிக் கட்டத்தில் கிருபைராஜ் பெயருக்கு நேரே இப்படி எழுதப்பட்டது:

"சீனாக்காரன் சடையை வெட்டினான், சிம்மாசனம் விழுந்தது. நாமும்தான் வாரா வாரம் சவரம் செய்கிறோம், மயிர்தான் விழுகிறது."

எழுதப்பட்டது என்றால் யாரால்? இந்தப் பகுதியில் அதைச் சொல்ல...

சரித்திரப்படி அந்த வாக்கியம் தவறு என்பதை மட்டும் சொல்லிவிடலாம். ஜப்பானில் நாற்பது வருஷத்துக்கு முன் ராஜாவே தம் குடுமியை எடுத்துக்கொண்டார், பிரஜைகளும் எடுத்தார்கள். சிம்மாசனம் விழவில்லை. உயர்ந்தது, சீனாவை அடித்தது, கொரியாவை விழுங்கியது. ஆக, மயிருக்கும் ராஜாங்கத்துக்கும் உள்ள உறவு தேசத்துக்குத் தேசம் மாறும். இதையும் அந்தக் கட்டத்தில் சேர்த்து எழுதியிருந்தால் வாக்கியம் நியாயமாக இருந்திருக்கும். நன்றாக இருந்திருக்காது.

5

நடந்ததை நடந்தபடி: 19-ஆம் தேதி திங்கட்கிழமை சீவலப்பேரி ஆற்றங்கரையில், மருத மரத்தடியில், கிருபைராஜ் குடுமியை எடுத்துவிட்டார். காரணம் பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையிலிருந்து வாத்தியார் தலைக்கு வந்து, வாத்தியார் தலையிலிருந்து அவர் மனைவி சாரம்மாள் தலைக்கு வந்தது. "குடுமியா நானா, ஒண்ணைச் சொல்லுங்க" என்று சாரம்மாள் கேட்டாள். அவர் யோசித்தார். யோசித்ததற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

24-ஆம் தேதி மொட்டை கிராப்போடு வகுப்புக்கு வந்தார். அன்று பார்த்துச் சார் முந்தின வாரத்துக் கட்டங்களை உரக்கப் படித்தார். கடைசிக் கட்டம் வந்ததும் ஒன்பது தலைகளும் சுவர்ப் பக்கம் திரும்பின.

"அண்ணாச்சி, சீவலப்பேரிக்குக் குடியரசு வந்தாச்சா?" என்றார் இப்ராஹிம். "சொல்லிட்டு வெட்டினீகளா, வெட்டிட்டுச் சொன்னீகளா?"

சிரிப்பு ஜன்னல் வழியே தெருவுக்குப் போயிற்று. தெருவிலிருந்து கடைத்தெருவுக்கு. செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டருக்கு. சென்ற வருஷம் மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் துரை சுடப்பட்டதிலிருந்து இந்த ஜில்லாவில் சிரிப்பு வேகமாகத்தான் பிரயாணம் செய்கிறது.

6

நேற்று கிருபைராஜும் சாரம்மாளும் சத்தியநேசன் அறைக்கு வந்தார்கள். அவருக்கும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அழைப்பு.

"லே சத்தியம், நான் யோசிச்சுட்டேன்," என்றார். "சொன்னதைச் சொல்லலன்னு சொல்ல மாட்டேன். நேரா நின்னு ஒத்துக்கிடப் போறேன்."

"அண்ணே, நீங்க தூங்கிட்டுல்லா இருந்தீங்க?"

"கண்ணுதான்லே மூடியிருந்துச்சு. உள்ளுக்குள்ள முழிச்சுத்தான் இருந்திருக்கேன். இல்லன்னா இப்படி ஒரு வார்த்தை வருமா? சீவலப்பேரியில நாலு பேரு வந்து கேட்டுட்டுப் போறான். எங்க ஹெட்மாஸ்டரே ஒரு மாதிரி மரியாதையாப் பாக்காரு."

அந்த மரியாதை உண்மையில் யாருக்குச் சேர வேண்டியது என்ற எரிச்சல்தான் சத்தியநேசனுக்கு முதலில் வந்தது. பயம் இரண்டாவதாக வந்தது. வரிசையை மாற்றி எழுதியிருக்கலாம். வாசகர் நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறார்.

சாரம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "தம்பி, இவுக தூக்கத்துல கொறட்டைதான் விடுவாக. பதினோரு வருசமாக் கேக்கேன். ஒரு நாளும் சீனாவைப் பத்தி விட்டதில்ல."

"ஏட்டி, சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. பள்ளிக்கூட மேனேஜருக்குப் போலீஸ்ல இருந்து ஒரு வரி போனாப் போதும். வேலையும் போச்சு, பள்ளிக்கூடத்து வீடும் போச்சு. மூணு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு ஆத்துமணல்லயா கிடக்க?" பிறகு சத்தியநேசனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்க்கவில்லை, தேவைப்படவில்லை. "அந்த வார்த்தையைப் பெத்தவுக யாரோ, அவுக வளக்கட்டும். எங்க வாசல்ல போட்டுட்டுப் போவாண்டாம்."

"மைனி..." என்றான் சத்தியநேசன். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. கட்டம் இருந்தால் எழுதியிருப்பான்.

7

கைவசம் உள்ள முடிவுகள்:

(அ) கிருபைராஜ்தான் சொன்னார் என்று எழுதுவது. அவரே ஒத்துக்கொள்கிறார். புத்தகமும் ஒத்துக்கொள்கிறது. தலையும் ஒத்துக்கொள்கிறது. நகல் குமாஸ்தா நகலெடுத்ததோடு சரி. கச்சிதமான முடிவு, அதன் கடைசிக் காட்சியில் மூன்று பிள்ளைகள் ஆற்றுமணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை எழுதுகிறவன் அந்தக் காட்சியை இரண்டு தரம் எழுதிப் பார்த்தான். இரண்டு தரமும் பிள்ளைகள் அவனையே பார்த்தார்கள்.

(ஆ) அப்பாத்துரை சார் யோசனை: "சிவசைலம் பேருக்கு மாத்திரும்லே. அவன்தான் வகுப்பை விட்டுட்டுக் கொழும்புக்குப் போயிட்டானே. அங்கன வந்தா பிடிக்கப் போறாக?" கடல் கடந்த ஆள் மீது பழி போட்டு முடிக்கிற கதைகள் நிறைய உண்டு. ஆனால் சிவசைலத்தின் தாயார் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறாள். போலீசாருக்குக் கொழும்பு தூரம், ஆழ்வார்குறிச்சி தூரமில்லை.

(இ) வாக்கியத்துக்கு வேறு அர்த்தம் சொல்வது: அது நாவிதர் தொழிலின் மேன்மை பற்றியது என்று. இதை அரைமணி நேரம் முயன்று...

8

"இதை எழுதுகிறவன்" என்று ஏழு பகுதி ஓட்டியாயிற்று. நகல் குமாஸ்தாவுக்கு வசதியான பெயர். எழுதுகிறவன் எப்போதும் வேறு யாரோ.

41-ஆம் பக்கம், பத்தாவது வரி. கிருபைராஜ் தூங்கினார். அவர் பெயருக்கு நேரே நான் எழுதினேன். அதற்கு முன்பும் நான்கு வாரம் அவர் கட்டத்தை நானே நிரப்பியிருக்கிறேன். "ஜப்பானில் பூமி அதிர்ந்தது" என்று. அது எந்த வாரமும் பொய்யாகாத செய்தி. ஐந்தாவது வாரம் ஒரு வாக்கியம் தானாக வந்தது. என் பெயருக்கு நேரே எழுதத் தைரியம் இல்லை. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. சாட்சி வேண்டுமானால் என் சொந்த நாட்குறிப்பைப் பார்க்கலாம். அன்றைய தேதியில் ஒரே வரி இருக்கிறது: "இன்று ஒன்று நன்றாக வந்தது."

அவர் பெயரைப் போட்டதற்கு வருந்துகிறேன். வாக்கியத்துக்கு வருந்துகிறேனா என்று கேட்டால்...

கிருபைராஜ் நாளை வந்து நெஞ்சை நிமிர்த்தி, தாம்தான் சொன்னதாகச் சொல்வார். நம்ப வேண்டாம். அவருக்கும் அந்த வாக்கியம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். பிடித்ததற்கு ஒரு சட்டம் இருந்தால் அந்தச் சட்டப்படி வகுப்பு முழுவதையும் அழைக்க வேண்டும். 27-ஆம் தேதி அதைப் படித்தபோது உங்கள் மீசை அசைந்தது, ஐயா. பார்த்தேன். குறித்துக்கொள்ளவில்லை.

பத்தாவது வரியில் "கிருபைராஜ்" என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே "சத்தியநேசன்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அடித்தது தெரியும்படி அடிக்க வேண்டும் என்பது நகல் விதி. இன்று பிப்ரவரி 29. நான்கு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தேதி. சொந்தமாக எழுத எனக்கு அதுவே போதும். நாளை பத்து மணிக்குப் புத்தகத்தோடு வந்து நிற்பேன்.

அதற்குப் பிறகு என்ன என்பதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. முடிவை வாசகரிடம் விடுவதாகச் சொல்கிற கதைகளில் வாசகர் கையில் பேனா மட்டும்தான் இருக்கும். இந்த வாசகர் கையில் லத்தியும் இருக்கிறது. ஆகவே கீழே ஒரு வரி கோடு போட்டு வைத்திருக்கிறேன். தேதியும் பெயரும் நானே எழுதிவிட்டேன்.

மார்ச் 1, 1912 | இன்ஸ்பெக்டர் நமச்சிவாயம் | ......................

மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. நீங்கள் நிரப்பாவிட்டால், ஐயா, அதை நிரப்பிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு.