எந்த ஜோன்?

கொடகவெலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் புவாட், கனடாவில் இருக்கும் மகள் பஹ்மாவைப் பார்க்கப் போவதற்குத் தன் கையாலேயே போனில் இரண்டு டிக்கட் எடுத்தார். அவள் இருக்கும் ஊர் ஜூலையிலும் குளிர்காற்று அடிக்கும் பாறைக் கரையாம், எந்நேரமும் பனிமூட்டமாம். மனைவி லதீபா உடனே ஸ்வெட்டர் வாங்க எம்பிலிப்பிட்டியவுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வாப்பா அனுப்பிய டிக்கட்டைப் பார்த்த பஹ்மா பதறிப்போய் வீடியோ கோல் எடுத்தாள்.

“வாப்பா, வேற ஊருக்கல்லவா எடுத்திருக்கீங்க!”

“சென்ட் ஜோன்னுதானே நீ சொன்ன?”

“நான் சொன்னது சென்ட் ஜோன்ஸ். நியூபவுண்ட்லாந்து தீவு. நீங்க எடுத்தது சென்ட் ஜோன். அதுக்கும் எங்களுக்கும் நடுவுல கடல்.”

புவாட்டுக்குத் தலை சுற்றியது. ஒரே நாட்டில், கிட்டத்தட்ட ஒரே பெயரில் எதற்கு இரண்டு ஊர்? போனில் படங்களைத் தேடிப் பார்த்தார். இரண்டு ஊரிலும் பாறை, இரண்டிலும் பனிமூட்டம்.

“அப்ப இந்த ஸ்வெட்டர் எந்த ஊருக்கு?” என்றாள், பையோடு வந்து நின்ற லதீபா.

“ரெண்டுக்கும் சரிவரும் உம்மா” என்று போனுக்குள்ளிருந்து சிரித்தாள் பஹ்மா.

அன்றே எடுத்த டிக்கட் என்பதால் ரத்துச் செய்ய முடிந்தது. மகள் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லப் புதிதாக எடுத்து முடித்தும் அவருக்கு மனம் ஆறவில்லை.

“மகள், நீ எயார்போட் வாசல்லயே வந்து நில்லு. ஒன்ட மொகத்தப் பார்த்தாத்தான் நான் ஊர நம்புவேன்.”