திரும்பிப் படுத்த காந்தம்

கிதாரில் மூன்றாவது பிக்கப் ஜோடியையும் பற்றவைத்துவிட்டு அவள் சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தாள். கணவர் பட்டறை மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஜோடி என்று கண் பார்த்துவிட்டால் காது வேலை செய்யாது என்பது அவள் கட்சி.

போன மாதம் கூரை ஒழுகியதில் அவர் கிதாருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மரம் தப்பியது, பிக்கப் இரண்டும் போயின. கம்பியின் அதிர்வை, காந்தமும் செம்புச் சுருளும் சேர்ந்து மின்சாரமாக்கித் தருகிற சின்னப் பெட்டிதான் பிக்கப். ஒரே சுருள் இருந்தால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் கூடவே இழுத்துவரும். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி வைத்தால் இரைச்சலும் இரைச்சலும் மோதிச் செத்துப்போகும், பாட்டு மட்டும் மிஞ்சும். அதற்குப் பெயர் ஹம்பக்கர். அவருடையது பழைய காலத்து ஜோடி. தலைமுடியைவிட மெல்லிய சுருள் கம்பி, பச்சை பூத்து நூறு இடத்தில் அறுந்திருந்தது.

அன்றிலிருந்து அவர் எந்தக் கிதாரையும் தொடவில்லை. "பழைய குரல் வந்தா வாசிக்கிறேன். வரலைன்னா இத யாருக்காவது குடுத்துடு" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பழைய பாணியில் செய்த மூன்று ஜோடிகளை வரவழைத்திருந்தாள். கம்பிக்கடியில் ஒரே அட்டைத்துண்டைச் செருகி, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே உயரத்தில் பொருத்தினாள். கம்பிக்குக் கிட்டே இருப்பது சத்தமாகக் கேட்கும். சத்தமாக இருப்பதே நல்லது என்று காது ஏமாந்துபோகும்.

"வாசிங்க, வித்வான்."

வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"மொதல் ஜோடி கத்தி மாதிரி. ரெண்டாவது வெண்ணெய். இது ரெண்டுங்கெட்டான். ஆனா எல்லாமே நல்லாத்தான் இருக்கு, டாக்டரம்மா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"சுவிட்ச நடுவுல வெச்சா ரெண்டு பிக்கப்பும் சேர்ந்து, மூக்கால அழற மாதிரி ஒண்ணு பாடுமே, அது இல்லையே."

"சளி பிடிச்ச பூனையா?"

"அதேதான். என் பூனையக் காணோம்."

சிரிப்பு வரவில்லை இருவருக்கும். அவர் கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

காந்தத்தின் பலம்தான் காரணமோ என்று அவள் செத்த ஜோடியை எடுத்து, திசைகாட்டியை அருகே கொண்டுபோனாள். ஒரு பிக்கப்பின் தலையில் இருந்த திருகு வரிசைக்கு முள்ளின் சிவப்பு முனை திரும்பியது. அடுத்ததற்கு வெள்ளை முனை. இரண்டிற்கும் ஒரே முனை திரும்பியிருக்க வேண்டும்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். பிக்கப் மூடி கீச்சிடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். திறந்தபோது காந்தம் நழுவி மேஜையில் விழுந்தது. எடுத்துச் செருகினாள், ஆனால் தலைகீழாகச் செருகியிருக்கிறாள். தனியே வாசித்தால் குற்றமே தெரியாது. இரண்டும் சேரும்போதுதான் ஒன்று தள்ள மற்றது இழுக்கும். கனமான ஓசையெல்லாம் ஒன்றையொன்று விழுங்கிவிட்டு மூக்கோசை மட்டும் தப்பிவரும். மறுநாளே ஓடிவந்தார் அந்த வாடிக்கையாளர். "என்னங்க செஞ்சீங்க? கிதார் பேசுது!"

இப்போதும் சொல்லாமலே புது ஜோடியில் ஒரு காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடலாம். அவள் திசைகாட்டியை மூடினாள்.

"ஏங்க, கொஞ்சம் உக்காருங்க."

எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ இத்தன வருஷமா நான் உன் தப்பத்தான் வாசிச்சிட்டிருந்தேனா?"

"ஆமா."

"பொன்னான கைன்னு சொல்லித்தானே உங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டேன்!"

"கை பொன்தான். கண்ணுதான் அன்னிக்கு கிதார்மேல இல்ல."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கிதாரை எடுத்து அவள் மடியில் வைத்தார். "வெண்ணெய மாட்டு. ஒண்ணத் திருப்பு."

கால்மணி நேரத்தில் பூனை வந்துவிட்டது, அதே சளியோடு. அவர் முதுகைக் காட்டாமல், அவள் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தார்.

ஒட்டுநாடாவில் அவள் பொடி எழுத்தில் எழுதினாள்: 'தவறுதான். யாரும் திருத்த வேண்டாம்.' உள்ளே ஒட்டி மூடியைப் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி.

"குடுங்க, மூடணும்."

"இரு, இது முடியட்டும்."

இரும்பு சூடாகவே காத்திருந்தது. அவள் அதை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.